ரெண்டு பாறை தெரியும் ஜன்னல்

எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் சாவியக்காவைத்தான் பார்க்க வேண்டும். ஊரில் பூட்டிக் கிடக்கும் அத்தனை வீட்டுச் சாவியும் அவள் இடுப்புக் கொத்தில் தொங்கும். அவள் வருவது தெருமுனையிலேயே கேட்டுவிடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அக்காவுக்கு இருந்த வாய்க்கு மூன்று குடும்பம் பிழைக்கலாம்.

நான் இங்கே உருளைக்கிழங்கு வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் குமாஸ்தா. மாற்றலாகி வந்தபோது எனக்கு வீடு பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். "மலைப்பக்கம் தம்பி, அருவிச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்" என்றாள். குடிபோன பிறகுதான் தெரிந்தது, அது பக்கத்து வீட்டு மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம். சண்டைக்குப் போனேன். "தண்ணி விழற சத்தம்தானே சொன்னேன்? எங்கருந்து விழுந்தா உனக்கென்ன?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடகைக்கு இருப்பவனுக்கு அதற்கு மேல் நியாயம் எங்கே கிடைக்கும்?

அவள் பொய் எல்லாம் அந்த ரகம்தான். இருட்டு அறையை 'குளுகுளுன்னு இருக்கும்' என்பாள். கை நீட்டினால் சுவரில் இடிக்கும் சமையலறையை 'நின்ன இடத்துல நின்னே சமைக்கலாம்' என்பாள். யாரும் ஏமாந்ததில்லை, யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதும் இல்லை.

ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்தவளுக்குச் சொந்த வீடு கிடையாது. மாவு மில்லை ஒட்டிய ஒரு ஓட்டு வீட்டில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருந்தாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் மருந்து தெளிக்கும் கைப்பம்புகளைப் பழுது பார்ப்பவர், ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். வாசல் அறையில் பெஞ்சு போட்டு, வாஷர், வால்வு, நாசில் என்று டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருப்பார். குடியானவர்கள் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேதான் வருவார்கள்.

மாஸ்டருக்குக் கண் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, ஆறு வருடத்துக்கு முன் முழுக்கவே போய்விட்டது. போகப் போகிறது என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து, பாக்கியிருந்த பார்வையை வைத்து அந்த வீட்டை மனப்பாடம் பண்ணினாராம். பெஞ்சிலிருந்து தண்ணீர்ப் பானைக்கு ஒன்பது அடி. பின்கதவில் ஒரு படி. ஜன்னலைத் திறந்தால் மலை, அதன் உச்சியில் ஒட்டி நிற்கும் ரெண்டு பாறை. அவர் கண்ணால் பார்த்த கடைசி வீடு அது. கோலில்லாமல் நடப்பார். புதிதாக வருகிறவர்கள் அவருக்குக் கண் தெரியும் என்றே நினைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. வீட்டு ஓனர் வெளியூரில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய மருமகன், ஒரே ஆள் பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடே அவர்களுடையதாகிவிடும் என்று எங்கேயோ கேட்டு வந்து அவர் காதில் ஓதியிருக்கிறான். ஓனர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஊருக்கே வீடு பார்த்துக் குடுக்கறவ நீ. இதுக்கும் ஒரு நல்ல பார்ட்டியா நீயே பார்த்துடு."

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். முடியாது என்றால் வேறு தரகரிடம் போவார். அக்கா "சரிங்கய்யா" என்றாள். இந்த வீட்டை விட்டுக் கிளப்பினால் மாஸ்டருக்கு இரண்டாம் தடவை கண் போன மாதிரி என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவரிடம் மூச்சு விடவில்லை. வருகிறவனை வந்த வழியே ஓட்டிவிட்டால் ஆயிற்று என்று கணக்குப் போட்டாள்.

மாஸ்டர் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்துக்கு மேல் உரக்கடை வாசலில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். அந்த நேரத்துக்குத்தான் ஆட்களை வரச் சொன்னாள். அதிலும் சரியாக நாலு மணிக்கு. நாலு மணிக்கு மலைக் கணவாயிலிருந்து காற்று இறங்கும், பின்பக்கத் தகரம் அடித்துக்கொள்ளும், பக்கத்து மில்லின் தவிட்டுத் தூசு ஜன்னல் வழியாக வந்து வாயில் ஒட்டும். முதலில் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டே வெளியேறினார். இரண்டாவதாக வந்தவர்களிடம் பின்கட்டில் பாம்பு வரும் என்றாள். மூன்றாவதாக வந்த வாத்தியாரம்மாவிடம் சுவர் நிற்காது என்று சொல்லி, தன் கையாலேயே காரையைப் பெயர்த்துக் காட்டினாள். அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஓனர் மறுபடி கூப்பிட்டார். "அதென்னம்மா, உன் கையில விலைபோகாத வீடு இது ஒண்ணுதானா? சரி, கோல்டு ஸ்டோரேஜுக்குப் புது மேனேஜர் வந்திருக்காராம், எனக்கே போன் பண்ணினார். அவருக்குக் காட்டு. இதுதான் கடைசி. அவரும் வேணாம்னுட்டா நீங்களே இருந்துக்கங்க, மருமகன்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஒரே ஒரு ஆள். அவர் வேண்டாம் என்றால் வீடு தங்கும். அக்கா வெள்ளிக்கிழமை நாலு மணி என்று சொல்லி அனுப்பினாள்.

இந்த இடத்தில்தான் நான் வந்து தொலைக்கிறேன். அந்த மேனேஜர் என் மேனேஜர். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு என்னைக் கூப்பிட்டு, "சாயங்காலம் லோடு வருது, சாவியக்கா சொன்ன வீட்டை இப்பவே பார்த்துடலாம். மேடம் கார்ல இருக்காங்க. நீங்க வழி காட்டுங்க" என்றார். அக்காவுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். அவள் மலையடித் தோப்பில் யாருக்கோ வீடு காட்டிக்கொண்டிருந்தாள், அங்கே சிக்னல் கிடைக்காது. அவள் வீட்டில் மாஸ்டர் இருப்பாரே, எந்த வீடு என்று கேட்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். பார்க்க வேண்டிய வீடே அதுதான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காரை ஊரைச் சுற்றி நாலு மணி வரைக்கும் ஓட்டியிருப்பேன்.

பதினோரு மணி. காற்று இல்லை. மில்லில் கரண்ட் இல்லாததால் தூசும் இல்லை. தெரு கழுவி விட்டது போல இருந்தது.

மாஸ்டர் பெஞ்சில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார். "மாஸ்டர், எங்க மேனேஜர் சாரும் மேடமும் வந்திருக்காங்க. வீடு பார்க்க" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. எந்த வீடு என்று கேட்பார், அக்கா வந்ததும் கூட்டிப் போவாள் என்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கையிலிருந்த வாஷரை அதன் டப்பாவில் போட்டு மூடினார். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். எனக்கு என்னவோ அந்த நேரம் நீளமாகப் பட்டது.

"வாங்க சார். வாங்கம்மா. நிலையில குனிஞ்சு வாங்க, உசரமானவங்களுக்கு இடிக்கும்" என்று எழுந்தார்.

அதன் பிறகு அவர் வீட்டைக் காட்டியதை நான் உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன். அக்கா முப்பது வருடம் தொழில் செய்தும் ஒரு வீட்டை அப்படிக் காட்டியிருக்க மாட்டாள். முன்னால் நடந்தார். கதவுகளைத் தேடாமல் திறந்தார். "இந்தச் சுவர் எத்தனை மழைக்கும் ஊறாது, கை வச்சுப் பாருங்க. காலையில அடுப்படிக்கு வெயில் வரும், ஒன்பது மணிக்கு மேடையை விட்டு இறங்கிடும், வேர்க்காது. கிணத்துத் தண்ணி கோடையிலயும் வத்தினதில்ல. நாலு மணிக்குக் காத்தடிக்கும், தகரம் சத்தம் போடும். ரெண்டு ஆணி அடிச்சா போதும், நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

"பாம்பு வரும்னு யாரோ சொன்னாங்களே?" என்று மேடம் கேட்டார்.

"பதினோரு வருஷத்துல ஒரு தேள்கூட வந்ததில்லம்மா."

வாசலில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. சிக்னல் வந்ததும் என் மிஸ்டு கால் இரண்டையும் பார்த்துவிட்டு, மேனேஜர் விஷயம்தான் என்று அக்கா ஊகித்து, வழியில் போன டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். முகமெல்லாம் புழுதி. எங்களைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னை அவள் பார்த்த பார்வையில்தான், எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று எனக்குப் பட்டது.

மாஸ்டருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசி அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தார்.

"இதுதாம்மா இந்த வீட்டுக்கே விசேஷம். மலை முழுசா தெரியும். உச்சியில பாருங்க, ரெண்டு பாறை ஒட்டிக்கிட்டு நிக்கும். புருஷன் பொண்டாட்டி மாதிரி."

மேடம் எட்டிப் பார்த்தார். "ரெண்டா? ஒண்ணுதானே இருக்கு?"

"நல்லா பாருங்கம்மா. இடது பக்கம் கொஞ்சம் குட்டையா."

"இடது பக்கம் ஒண்ணுமில்லையே. மண்ணு சரிஞ்ச தடம் மட்டும்தான் இருக்கு."

மேடம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். கண்கள் ஜன்னலை விட்டு ஒரு சாண் தள்ளி வெறும் சுவரைப் பார்த்திருந்தன. மேடத்துக்குப் புரிந்துவிட்டது, கை வாய்க்குப் போனது. அந்தப் பாறை மூன்று வருடத்துக்கு முன் பெருமழையில் உருண்டு வந்தது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதன் பிறகு யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, நானும்தான்.

"எப்ப விழுந்தது?" என்றார், வாசல் பக்கம் திரும்பி.

"மூணு வருஷம் ஆச்சுங்க" என்றாள் அக்கா. அந்த வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

"மூணு வருஷமா தினமும் காலையில இந்த ஜன்னல்ல நிக்கிறேன். பக்கத்துலதான் நீயும் நிக்கிற."

மேடம் மேனேஜரின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வாசலில் நின்றேன். அவர்கள் கார் அருகே நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். மேடம் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேனேஜர் அங்கேயே ஓனருக்குப் போன் போட்டார். "வீடு பிடிச்சிருக்கு சார். ஒண்ணாம் தேதி வந்துடறோம்." நல்ல வீட்டை நல்ல வீடு என்று நேர்மையாகக் காட்டினால் எவன் விடுவான்? எனக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கார்க் கதவைத் திறந்துவிட்டேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்?

கார் போன பிறகு உள்ளே குரல் கேட்டது. அக்கா அழுதுகொண்டே கத்திக்கொண்டிருந்தாள். "ஏங்க இப்படி பண்ணினீங்க? நாலு மணிக்கு வந்திருந்தா ஓடியிருப்பான். உங்களுக்காகத்தானே நான் நாய் மாதிரி அலைஞ்சேன்?"

"எனக்கு மூணு வாரமா தெரியும்" என்றார் மாஸ்டர்.

"யாருங்க சொன்னா?" என்றாள் அக்கா.

"ஸ்டூல் ஒரு சாண் தள்ளி இருந்தது. ஜன்னல் கொக்கியை யாரோ மேல மாட்டி வச்சிருந்தாங்க. அடுத்த வாரம் சுவத்துல கைய வச்சா காரை இல்ல. என்னை ஒளிச்சு இந்த வீட்டுக்குள்ள ஒரு ஈ வரமுடியுமா? உரக்கடையில கேக்கறாங்க, உங்க வீட்ல பாம்பாமேன்னு. பதினோரு வருஷம் நம்மளத் தாங்கின வீடு. அது மேல பழி போடலாமா?"

"பின்ன எங்க போறது? புது இடத்துல நீங்க எப்படி இருப்பீங்க?"

"தெரியல. பயமாத்தான் இருக்கு." ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஆனா நான் பார்த்த வீடு இது இல்லியே. என்னென்ன விழுந்துச்சோ. எனக்கு நோகும்னு நீ எதையெல்லாம் சொல்லாம விட்டியோ."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் தெருவுக்கு வந்தேன்.

மாசக் கடைசியில் சாமான் தூக்க நான் போனேன், யாரும் கூப்பிடாமலேயே. செய்த பாவத்துக்கு அதையாவது செய்ய வேண்டாமா? புது வீடு பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு சந்தில். மாஸ்டர் ஒரு கையில் கோலும் ஒரு கையில் வாஷர் டப்பாவுமாக வாசலில் நின்றார். கோலோடு அவரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். வயது பத்து கூடிப்போன மாதிரி இருந்தது.

அக்கா பூட்டைத் திறந்தாள். பழக்க தோஷம், வாய் தானாக ஆரம்பித்தது. "நல்ல காத்தோட்டமான வீடுங்க. அடக்கமா, கைக்கு அடங்கின மாதிரி…"

"பார்ட்டிகிட்ட பேசற மாதிரி என்கிட்ட பேசாத. வீட்டோட குறையச் சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள். வாழ்நாளில் ஒரு வீட்டைப் பற்றி அவள் அப்படிப் பேசியிருக்க மாட்டாள்.

"நிலை தணிவு. தலை இடிக்கும். உள்ள தரை ஒரே மட்டமா இல்ல, நடுவுல சரிவு. அடுப்படி இருட்டு. பின்பக்கம் சாக்கடை போகுது, வெயில் ஏறினா நாறும். பஸ் சத்தம் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும்."

"ஜன்னல்?"

"ஒண்ணுதான். சின்னது."

"மலை தெரியுமா?"

இங்கே அவள் ஒரு பொய் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கே தோன்றியது. கண் தெரியாதவருக்கு எந்த ஜன்னலில் எந்த மலை இருந்தால் என்ன?

"தெரியாதுங்க. எதிர்ல குடோன் சுவரு. மலை இந்தப் பக்கமே இல்ல."

"சரி" என்றார் மாஸ்டர். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு வெறும் கையை முன்னால் நீட்டினார். "முதல்ல எங்க இடிக்கும்னு காட்டு."

அக்கா அவர் உள்ளங்கையை எடுத்து அந்தத் தணிந்த நிலையின் மேல் வைத்தாள். அவர் விரல்கள் மரத்தின் விளிம்பைத் தடவி, ஒரு ஆணித் தலையைக் கண்டுபிடித்து, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தன.

"ம், அடுத்தது" என்றார்.