களம் பெருக்கிய நெல்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றது, ஒருத்தி செத்துப்போன என் அக்கா விட்டுப் போனது. யார் வீட்டு வாசலிலும் போய்க் கிண்ணம் நீட்டியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு என்ன அவசரம்.

அந்த ஐந்து பேருக்கும் சாயங்காலக் கஞ்சி எங்கிருந்து வந்தது, பிறகு எப்படிப் போனது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருவண்ணாமலையில் ஊருக்குக் கிழக்கே, ரயில் பாதை தாண்டி ஒரு ரைஸ் மில் இருந்தது. எழுபதுகளில் நான் அங்கே களத்து வேலைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டினார். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் சவாரி கிடைக்கும். மற்ற நாளில் குதிரைக்குப் புல் வாங்கவே சரியாகப் போகும்.

களத்து வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொட்டியில் ஊறிய நெல்லை ஆவியில் வேகவைத்து, சிமெண்டுக் களத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். சூடு பறக்கும்போதே பரப்பிவிட வேண்டும். வெயில் ஏறினதும் பெண்கள் வரிசையாக நின்று, காலாலேயே நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு போவோம். உள்ளங்கால் அவிந்துபோகும். காய்ந்த நெல்லைச் சாயங்காலம் பலகையால் தள்ளி அம்பாரமாகக் குவித்து மூட்டை பிடிப்பார்கள். அதற்குப் பிறகு களத்தில் மிச்சம் இருப்பது விரிசலிலும் ஓரத்திலும் சிதறிக் கிடக்கும் நெல். கல்லும் மண்ணும் கலந்தது. அதை நாங்கள் பெருக்கி, முறத்தில் புடைத்து, எங்களுக்குள் பிரித்துக்கொள்வோம். பழைய முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அது களத்துப் பெண்களுக்கு என்று விட்டது. பழைய முதலாளி நல்லவர் என்று சொல்ல மாட்டேன். வாய் ரொம்ப மோசம். ஆனால் நாங்கள் பெருக்கும் நேரத்தில் அவர் களத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்த நெல்லைக் குத்தித்தான் என் வீட்டு அடுப்பில் உலை ஏறியது. கூலி அரிசிக்கடைப் பழைய பாக்கிக்கே போய்விடும்.

அவர் செத்ததும் பிள்ளைகள் மில்லை மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்கு இதுபோல ஊர் ஊருக்கு மில் இருந்ததாம். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கேட்டில் காவல்காரனை வைத்தார்கள். நல்லது நடக்கப்போகிறது என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் சாயங்காலம் துடைப்பத்தை எடுத்தபோது மேஸ்திரி வந்து நின்றார். அவர் எங்கள் ஊர் ஆள்தான், பழைய முதலாளி காலத்திலிருந்து இருப்பவர்.

"பெருக்குங்க. ஆனா பெருக்கின நெல்ல மூட்டையில போட்டு ஆபீஸ்ல வெச்சிடணும். இனிமே உங்களுக்குக் கெடையாது. கம்பெனி உத்தரவு."

வேங்கிக்காலிலிருந்து நடந்து வரும் ஒருத்தி எங்களோடு வேலை செய்தாள். என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம், யாருக்கும் பயப்படமாட்டாள். அவளை வேங்கிக்கால்காரி என்றே கூப்பிடுவோம். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா மேஸ்திரி, உங்க கம்பெனி ஊட்ல அடுப்பு எரியலையா? மண்ண அள்ளித் துன்னப்போறாங்களா?"

"என்ன ஏம்மா கேக்கற? மெட்ராஸாண்ட அவங்களுக்குக் கோழிப்பண்ண கீதாம். அதுக்குத் தீனியாம்."

"அடிப்பாவி! அப்ப இத்தினி நாளா நம்ம புள்ளைங்க கோழித்தீனி துன்னாங்களா!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்து பானையைத் திறந்து பார்த்தபோதுதான் சிரிப்பு போனது.

மறுநாளிலிருந்து கேட்டில் சோதனை. "மடிய உதறிட்டுப் போ" என்றான் காவல்காரன். என்னைவிட வயதில் சின்னவன் அவன். நான் உதறவில்லை. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவன்தான் முகத்தைத் திருப்பினான். என் பின்னால் சின்னம்மா வந்தாள். உறவுச் சின்னம்மா இல்லை, களத்திலேயே மூத்தவள், எல்லோருக்கும் சின்னம்மா. அவள் பயந்து முந்தானையை உதறினாள். வியர்வைக்கு ஒட்டிக்கொண்டிருந்த சில நெல்மணிகள் கீழே விழுந்தன. அதைப் பொறுக்கிப் போய்க் களத்தில் போடச் சொன்னான். அவள் குனிந்து பொறுக்கினாள். மில்லுக்குத் தவிடு வாங்க வந்த ஆண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எதிரே குழாயடியில் கால் கழுவும்போதுதான் எங்கள் பேச்சு நடக்கும். அன்றைக்கு ஒருத்தியும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை.

"வேலைக்குப் போகாம கேட்டாண்ட உக்காரணும். அதுவும் சும்மா இல்ல, வெந்த நெல்லு களத்துல கொட்டின அப்புறம் உக்காரணும்" என்றாள் வேங்கிக்கால்காரி. "பரப்ப ஆளு இல்லன்னா பொழுது சாயறதுக்குள்ள நாத்தம் புடிச்சிடும். அப்ப ஓடி வருவான் பாரு மெட்ராஸ்காரன்."

சின்னம்மா ஈரக் காலோடு எழுந்துவிட்டாள். "சோறா ஆவப்போறத நாற உடறதா? அதுக்கு என்னக் கூப்பிடாத. எனக்கு அந்தப் பாவம் வேணாம்."

"யாரு சோறு சின்னம்மா? உன் சோறா? கம்பெனிக்காரன் சோறு."

"நெல்லுக்கு எவன் சோறுன்னு தெரியுமாடி?"

"உன்னப் பொறுக்க வெச்சானே, அவனுக்குத் தெரிஞ்சிதே!"

சின்னம்மா அழுதுவிட்டாள். வேங்கிக்கால்காரி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். நெல்லைக் கொட்டும் முன்பே வெளியே உட்கார்ந்துவிடுவோம், அப்போது நாசம் நம் தலையில் விழாது என்று. வேங்கிக்கால்காரிக்கு அது பிடிக்கவில்லை. "பல்லப் புடுங்கிட்டுப் பாம்ப உடறேன்ற" என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டதும், குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "இன்னாமே, பெருக்கித் தள்ளற நெல்லுக்கா சண்ட? கூலியும் போச்சுன்னா?"

"அதுதான்யா ராத்திரிக்கு நீ குடிக்கற கஞ்சி" என்றேன். அவர் மறுபடி புல்லை அள்ளினார்.

நாங்கள் கேட் முன்னால் உட்கார்ந்த அன்றைக்குச் சிவப்புத் துண்டு போட்ட சங்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை. எங்களோடு மண்ணிலேயே உட்கார்ந்தார். பெரிய முதலாளிகள் நாடு முழுவதும் எப்படி ஏழைகளின் கடைசிப் பிடியையும் வழித்து எடுக்கிறார்கள் என்று விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, "நாட்ட அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, மொதல்ல எங்க மொறத்துக்கு வழி சொல்லு" என்றாள். அவரும் சிரித்தார். இப்போது யோசித்தால் அவர் சொன்னது அத்தனையும் சரி. எங்களுக்குத்தான் முறத்தைத் தாண்டிப் பார்க்கத் தெரியவில்லை.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாவம், அவர்களும் எங்களைப் போலத்தான். ஆனால் அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. "அடியே, அது நெல்லு, கோலமாவு இல்ல, தள்ளி உடுடி!" என்று வெளியிலிருந்து கத்தினோம். அவர்களுக்குக் களம் பழக்கமில்லை. காய்வது தாமதமாகி மில்லில் வேலை தேங்கியது. சில நாள் போனதும் மேஸ்திரி வந்து வேங்கிக்கால்காரியிடம் மெதுவாகச் சொன்னார்.

"சாயங்காலம் மேனேஜர் வர்றார். ஆர்டர் நெருக்குது. பெருக்கற நெல்ல உட்டுக்குடுக்கலாம்னு பேசிக்கறாங்க. கொஞ்சம் பொறுமையா இருங்க."

அவரே மேனேஜரை அழைத்துவரப் புறப்பட்டுப் போனார். நாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டோம். ஜெயித்துவிட்டோம் என்றே இருந்தது.

அது புரட்டாசி மாதம். பகல் முழுக்க வெயில் அடித்தது. களம் நிறைய நெல் பரப்பிக் கிடந்தது. நான் எதேச்சையாக மேற்கே பார்த்தேன். மலை உச்சியைக் காணவில்லை. மலைத் தலையில் மேகம் இறங்கிவிட்டால் மழை எங்கள் களத்துக்கு வந்துசேர அதிக நேரம் ஆகாது. களத்தில் இருந்த பெண்களுக்கு அந்த அடையாளம் தெரியாது. ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம். வேங்கிக்கால்காரி எழுந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"ஒருத்தியும் அசையாதீங்க. நாம கொட்டல, நாம நனைக்கல. தானா வருது. இத்த மாதிரி நேரம் இன்னொரு தரம் வராது."

காற்று அடித்தது. புழுதியோடு முதல் தூறல் வந்தது. சின்னம்மா ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. காவல்காரன் தடுக்கவில்லை, அவனே கேட்டைத் திறந்துவிட்டான். அவள் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் இன்னொருத்தி. நானும் ஓடினேன். யோசித்து ஓடவில்லை. பலகை கைக்கு வந்தபிறகுதான் உள்ளே நிற்கிறேன் என்றே தெரிந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பெண்களையும் அதட்டி இழுத்துக்கொண்டு தள்ளினோம், குவித்தோம், தார்ப்பாயை இழுத்து மூடிக் கல் வைத்தோம். மழை கொட்டியது. நெல் நனையவில்லை.

மழைக்கு நடுவே ஜீப் வந்து நின்றது. மேனேஜர் குடையோடு இறங்கினார். மூடிய அம்பாரங்களைப் பார்த்தார். சொட்டச் சொட்டப் பலகையோடு நின்ற எங்களைப் பார்த்தார்.

"இவங்கதான் ஸ்டிரைக் பண்றவங்களா?"

"ஆமாங்க சார்" என்றார் மேஸ்திரி.

"நல்லா வேலை செய்றாங்களே. அப்புறம் என்ன பேச்சு? நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லு." பிறகு கேட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே வேங்கிக்கால்காரி மட்டும் மழையில் நின்றுகொண்டிருந்தாள். "அந்தம்மா வேணாம்."

எங்கள் களம் இன்னதென்று அதுவரை கம்பெனிக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துகொண்டது. எத்தனை பட்டினி போட்டாலும் இவர்கள் நெல்லை நனைய விடமாட்டார்கள் என்று நாங்களே போய்க் காட்டிவிட்டோம்.

குழாயடியில் வேங்கிக்கால்காரி எனக்காகக் காத்திருந்தாள்.

"நனஞ்சிருந்தா இன்னாடி ஆகியிருக்கும்?"

"நாறிப்போயிருக்கும்."

"நாறட்டுமே. உன் புள்ளைங்க வயிறு காயறதவிடவா?"

"கை கேக்கலடி" என்றேன்.

"உன் கை எப்பவோ கம்பெனி கையா ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சில மாதம் கழித்துக் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு பார்க்கவே இல்லை.

பெருக்கிய நெல் மூட்டை மூட்டையாகக் கோழிப்பண்ணைக்குப் போனது. நாங்களே பெருக்கி, நாங்களே மூட்டை பிடித்து, நாங்களே லாரியில் ஏற்றினோம். அந்தக் கார்த்திகையில் தீபத்துக்குக் கம்பெனி நெய் டின்கள் கொடுத்தது. பேனர் கட்டி மாட்டு வண்டியில் ஊர்வலமாகப் போனது. "நெய் குடுக்கறவனுக்கு நொய் குடுக்க மனசு வரலையே" என்றார் என் வீட்டுக்காரர். என் வீட்டில் கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது. கடைசியில் அக்கா மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, மல்லாட்டை பிடுங்க அனுப்பினேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். ஐந்து பேரில் அவள்தான் நன்றாகப் படித்தவள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போனாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எண்பதுகளில் நெல்லைக் காயவைக்க மெஷின் வந்தது. களத்துக்கு யாரும் வேண்டாம் என்று எங்கள் எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அதற்குக் கேட் முன்னால் உட்காரக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சின்னம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நான் ஓடினது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. வேங்கிக்கால்காரி நின்றது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அவளோடு மனசுக்குள் வாதாடாத நாள் இல்லை. அவள் பக்கம் பேசிப் பார்ப்பேன், என் பக்கம் பேசிப் பார்ப்பேன். இரண்டு பக்கம் பேசினாலும் கடைசியில் லாரிதான் நெல்லை ஏற்றிக்கொண்டு போகிறது.

என் அக்கா மகளின் மகள் இப்போது செய்யாறு பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கேயும் பெண்கள் வேலைக்குப் போகாமல் உட்காரலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். லீவில் வந்தவள், "நீ இன்னா சொல்ற பாட்டி?" என்று கேட்டாள். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன். எழுதினபிறகும் இல்லை.

வாடி இங்க. என் எழுத்து எனக்கே தெரியல. மொதல்லேர்ந்து படி. உன் வாயால கேட்டாவது, நாங்க எந்த எடத்துல கைய உட்டோம்னு தெரியுதான்னு பாக்கறேன்.