ஒரே லாட்டில் விதைத்த தக்காளி

நேற்றுக் காலை பால்கனியில் நிற்கும் தக்காளிச் செடியில் பக்கக் கிளை ஒன்றைக் கிள்ளிப் போட்டேன். மகள் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்த செடி. தொட்டி, மண், உரம் எல்லாம் அட்டைப்பெட்டியில் வந்தன. எப்படி வளர்ப்பது என்று சொல்ல ஒரு வீடியோவும் உண்டு. வீடியோவில் வராதது அந்த வாசனைதான். பழத்தின் வாசனை இல்லை, இலையின் வாசனை. பச்சையும் கசப்புமாக விரலில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது எட்டிப் பார்க்கும். விரலை மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அதே கம்பெனியில், தைத்த பனியனில் பிசிறும் கறையும் பார்க்கும் செக்கிங். அவருக்குப் புத்தகப் பைத்தியம். கதைப் புத்தகமாக இருந்தால் நானும் படித்திருப்பேன். அவர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடைபாதைக் கடையில் பொறுக்கி வந்ததெல்லாம் வீட்டுத் தோட்டம், சோப்புத் தயாரிப்பு, காளான், தேனீ. தேனீப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை. கொட்டினால் என்ன செய்வது என்பது அந்தப் பக்கங்களில்தான் இருந்ததாம். நல்லவேளை, அந்தத் திட்டம் அதோடு நின்றது.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளை புத்தகம் பார்த்தா விதை போடும் என்று நீங்கள் சிரிக்கலாம். மீசை முளைக்கும் முன்பே பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டவர் அவர். என் கதை மட்டும் என்ன வாழ்ந்ததாம்? ஊத்துக்குளிக்காரி என்றால் வெண்ணெய்ப் பானைக்குள்ளேயே வளர்ந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலை ரயிலைப் பிடித்துத் திருப்பூர் வருவது. கடைசியில் என் ஊர்ப் பிழைப்பை என் வீட்டுக்காரர் புத்தகம் பார்த்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "இப்பப் பச்சத் தண்ணி ஊத்தோணுமாம் அம்மிணி" என்று அவர் வாசிக்க, நான் கடைய, சுண்டைக்காய் அளவுக்கு வெண்ணெய் திரண்டது. சோப்பு அந்த அளவுக்கும் தேறவில்லை, கடைசிவரை கூழாகவே கிடந்தது. பக்கத்து வீட்டுத் தூத்துக்குடி அக்கா அதை வாங்கிப்போய்ப் பித்தளை அண்டாவைத் துலக்கினாள். அண்டா என்னவோ பளபளவென்று இருந்தது.

அவருக்கு இதெல்லாம் விளையாட்டில்லை. அவிநாசிக்குப் பக்கத்தில் அவர் பங்குக்கு ஒரு துண்டு பூமியும் ஒரு கிணறும் இருந்தன. கம்பெனியை விட்டுவிட்டு அங்கே போய், விளைவதைத் தின்று வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய அண்ணன் வேறு, "நீ வராட்டி எனக்கே எழுதிக் குடுத்துரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கோ பயம். வாரா வாரம் கைக்கு வரும் சம்பளத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? ஒரு நாள் நிபந்தனை போட்டேன்.

"மொதல்ல மொட்டமாடியில போட்டுக் காட்டுங்க. காய் பறிக்க ஆரம்பிச்சதுலருந்து ஒரு மாசம், கடைக் காய் ஊட்டுக்குள்ள வரக் கூடாது. அப்புடி ஓட்டிப்போட்டீங்கன்னா நான் பொட்டியக் கட்டிக்கிட்டு வர்றனுங்க."

"அவ்வளவுதான அம்மிணி?" என்றார்.

நூல் மூட்டை வந்த சாக்குகள் தொட்டிகளாயின. கட்டிங் வேஸ்ட் துணி, செடியைக் குச்சியோடு கட்டும் கயிறானது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மாடியே திருவிழாக் கோலம் கொண்டது. தக்காளி, முள்ளங்கி, கொத்தவரை. பத்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நானே வாசித்துக் காட்டினேன். அதுவரை புத்தகத்தின் பேச்சைத் தட்டாதவர் அந்த ஒரு வரியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பிரிச்சுப் பிரிச்சுப் போட்டா லாட் மாறிப்போகும் அம்மிணி. ஒண்ணு வெளுத்திருக்கும், ஒண்ணு கறுத்திருக்கும். எந்த பையர் சரக்கு எடுப்பான்?"

பனியன் துணிக்கு அது வேதவாக்கு. ஒரே தடவையில் சாயம் ஏறிய துணியைத்தான் சேர்த்து வெட்டுவார்கள். வேறு லாட் கலந்தால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்றாகிவிடும். ஆகவே ஒரே கடை விதை, ஒரே ஞாயிற்றுக்கிழமை. செக்கிங்கில் உட்காரும் எனக்கும் அது சரியென்றே பட்டது.

முள்ளங்கி முந்திக்கொண்டு முற்றிப்போனது. கொத்தவரையில் அசுவினிப் பூச்சி விழுந்தது. தக்காளி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. அத்தனை செடியும் ஒரே வாரத்தில் பழுத்தன.

"ஏட்டி, இவ்வளவு தக்காளிய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற? கல்யாணமா வச்சிருக்க?" என்றாள் தூத்துக்குடி அக்கா. சொல்லிவிட்டு அவளே அரிவாள்மனையோடு மாடிக்கு வந்தாள். லைன் வீடு முழுக்கத் தொக்கு வாசனை. கடைசி அறை பீகார் தம்பிகள் தக்காளியை நெருப்பில் சுட்டு, பூண்டும் பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் விட்டுப் பிசைந்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள். கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றோம். எனக்கு அப்படியொரு சந்தோஷம். தைரியம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, மறுநாளே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

"அடுத்த மாசத்துலருந்து நான் வரலீங்ணா. எங்க பூமிக்குப் போறமுங்க."

வீட்டில் சொல்லவில்லை. மாதம் முடிகிற அன்று சொல்லி, அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசை.

அடுத்த வாரம் செடியில் ஒரு பிஞ்சுகூட இல்லை. ஒரே லாட் அல்லவா, டெலிவரி முடிந்துவிட்டது. தொக்கை வைத்துச் சில நாள் ஓட்டினோம். எனக்கு அது தோல்வியாகவே படவில்லை. அடுத்த முறை பிரித்துப் போட்டால் போகிறது என்றிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அவர் கையில் கடைக் காய்ப் பையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"தோத்துட்டன் அம்மிணி. அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். பூமிய அவருக்கே எழுதிக் குடுத்தர்றேன்னு வாக்குக் குடுத்துப்போட்டேன்."

வாக்குக் கொடுத்தால் அதை மாற்றுகிற குடும்பமில்லை. பையை வாங்கிக்கொண்டேன். "கத்திரிக்கா நல்லாப் பிஞ்சா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், "நாங்க போகலீங்ணா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பனியன் கட்டைப் பிரிக்கச் சொன்னார்.

அந்த லைன் வீடு இப்போது இல்லை. நடைபாதைப் புத்தகக் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. புத்தகங்கள் வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போயின. பூமி அண்ணன் கையிலிருந்தும் போய், கிணற்றை மூடி, யாரோ குடோன் கட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

நேற்று, கிள்ளிய விரலை அவரிடம் நீட்டினேன். மோந்து பார்த்தார். பிறகு செடியிடம் குனிந்து, "ஒண்ண மட்டும் வெச்சா எப்புடி அம்மிணி? பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு போடோணும். அதுக்கப்புறம் பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு" என்றார்.

வேலையை விடுவதாகச் சூப்பர்வைசரிடம் சொன்னதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. நேற்றும் வாய்வரை வந்தது.

"ஆமாங்க" என்றேன். பால்கனியில் இன்னொரு தொட்டி வைக்க இடமில்லை.