போலீஸ் வண்டியில் பிரசவத்துக்குப் போனது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, நெல் காயப்போட்ட களத்தில் கோழி நடந்த மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டவன். சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் எனக்கும் உள்ள தகராறு இன்னும் தீரவில்லை. பிழையைத் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், படுத்திருந்த சிநேகிதரைப் பார்க்க. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பணம் கட்ட வந்த ஒருவரிடம், "இன்சூரன்ஸ் கார்டு இருக்குங்களா, இல்ல கையில கட்டுறீங்களா?" என்று கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது. ஆனால் அந்த ஆள் சட்டைப்பையைத் தடவ ஆரம்பித்தார். பை காலி என்று தடவுகிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் அப்படித் தடவியவன்தான்.

அங்கே பினாயில் வாசனை வேறு. பினாயில் என்றால் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு நனைந்த காக்கித் துணியும் பீடியும் கலந்த ஒரு வாடையும் கூடவே வரும். அது போலீஸ் வண்டியின் வாடை.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்குத் தெற்கே. கூலியை உயர்த்தாமல் குறுவை அறுப்புக்கு இறங்க மாட்டோம் என்று நாங்கள் நின்ற வருஷம் அது. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் கைகலப்பானது. போலீஸ் வந்துவிட்டது. நான் படித்த பள்ளிக்கூடத்தில்தான் முகாம். ஒண்ணாம் வகுப்பு பெஞ்சில் துப்பாக்கிகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்து படித்ததைவிடத் தூங்கியதுதான் அதிகம்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி அஞ்சலைக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். மறுநாள் காலையாகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து, "தம்பி, கை முன்னால வந்துடுச்சு. இது என்னால ஆவாது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நின்னு யோசிக்காத" என்றார்.

வில்வண்டி மிராசுதார் வீட்டில்தான். கொடுத்தாலும் மாட்டு வண்டி தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கூத்தாநல்லூரில் வாடகைக் கார் உண்டு. எங்கள் தெருவையே தலைகீழாக உதறினாலும் அந்த வாடகை தேறாது. ஊரில் நின்ற ஒரே மோட்டார் வண்டி போலீஸ் வண்டி.

எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் மிச்சக் காசு கேட்கவே நாக்கு எழாது. அன்றைக்கு எப்படிப் பள்ளிக்கூடம் வரை போனேனோ தெரியவில்லை. ஏட்டு ஜன்னல் கம்பியில் கண்ணாடி மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்னடா, சரண்டர் ஆக வந்தியா?"

"இல்லீங்க… வண்டி…"

"வண்டியா? அன்னைக்குக் கல்லு வுட்டவன் நீதானே?"

"நா வுடலீங்க. வுட்டவங்க பக்கத்துல நின்னேன்."

அவர் சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கன்னத்தில்தான் சவரம் ஆகியிருந்தது. மறு கன்னத்துச் சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே டிரைவரைக் கூப்பிட்டார்.

அஞ்சலையைப் பாயோடு தூக்கி வண்டியில் கிடத்தினோம். வண்டி வாய்க்கால் பாலத்தை நெருங்கும்போது முன்னால் ஒரே கூட்டம். அஞ்சலையையும் புருஷனையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது என்று யாரோ ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள். ரோட்டுக்குக் குறுக்கே முதல் ஆளாகப் படுத்திருந்தது என் மச்சான் கோவிந்தன், அஞ்சலைக்கு அண்ணன். எங்கள் கூலிக்காரர் சங்கத்து ஆள். வரப்புச் சண்டைக்காகப் போலீஸ் தேடிக்கொண்டிருந்ததே அவரைத்தான். மூங்கில் கொல்லையில் ஒளிந்திருந்தவர் தங்கைக்காக வெளியே வந்துவிட்டார்.

உள்ளே அஞ்சலை வலியில் அலறினாள். வெளியே ஒரு கிழவி, "அடப்பாவிவளா, நெறமாசக்காரியப் போட்டு அடிக்கிறானுவளே!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அஞ்சலை அலற அலறக் கூட்டத்துக்கு ஆவேசம் ஏறியது. ஏட்டு என் முதுகில் தட்டி, "நீ சொல்லுடா. நான் சொன்னா நம்ப மாட்டானுவ" என்றார்.

சங்கக் கூட்டத்தில் கோஷம் போடும்போதுகூட உதட்டை மட்டும் அசைக்கிறவன் நான். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மச்சான், எந்திரிங்க! யாரும் அடிக்கல! புள்ள கை வெளிய வந்து கெடக்கு! ஒங்க தங்கச்சி செத்துருவா!"

ஊர் நடுவில் சொல்லக்கூடிய பேச்சா அது? மச்சான் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அப்படியே ஏறிக்கொண்டார். அதற்குள் சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது. முன்னால் படுத்திருந்த அத்தனை பேரும் பின்னால் போய்த் தள்ளினார்கள். போலீஸ் வண்டியை எங்கள் சங்கம் தள்ளியது அந்த ஒரு தடவைதான்.

வண்டிக்குள் மச்சானும் ஏட்டும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏட்டய்யா, என்னத்தானே தேடுறீங்க?"

"இப்பத் தேடல. கால மடக்குடா, அந்தப் பொண்ணுக்குக் காத்து வரட்டும்."

பெரியாஸ்பத்திரியில் நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "எங்கிட்ட பணம் இல்லீங்க" என்றேன். சட்டைப்பையையும் தடவிக் காட்டினேன். நர்சம்மா, "யாருய்யா கேட்டா? வழிய விடு" என்று என்னைத் தள்ளிவிட்டு அவளை உள்ளே கொண்டுபோனார். பேரும் ஊரும் மட்டும்தான் எழுதிக்கொண்டார்கள். டாக்டரம்மா வந்து, "புருஷன் யாரு?" என்றார். பாதிச் சவரத்தோடு நின்ற ஏட்டை ஏற இறங்கப் பார்த்தார். ஏட்டு பதறிப்போய், "நானில்லம்மா, இவன்" என்று என்னை முன்னால் தள்ளினார்.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நர்சம்மா வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றார்.

மச்சான் ஓடிப்போயிருக்கலாம். வாசலில் தடுக்க ஆள் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய் வண்டியில் தானாக ஏறி உட்கார்ந்தார். "வாங்க ஏட்டய்யா, இப்பத் தேடுங்க."

"இருடா. எதுத்தாப்புல சலூனுக்குப் போயி இந்த மூஞ்சிய முடிச்சிட்டு வர்றேன். நீ டீ குடி" என்றார் ஏட்டு. பிறகு கூட்டிக்கொண்டுதான் போனார். வேலை வேலைதானே. தை பிறப்பதற்குள் கேஸ் ஒன்றுமில்லாமல் போய் மச்சான் வந்துவிட்டார். கூலியும் கொஞ்சம் உயர்ந்தது.

நான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். தன் மருமகளுக்குத் துணைக்கு வந்திருந்த வேதாரண்யத்து அம்மா ஒருவர், கருவாட்டுக் குழம்பும் சோறும் தினமும் எனக்கு ஒரு பங்கு வைப்பார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கடைசியில் பணம் கேட்பார்கள், கடைசியில் கேட்பார்கள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று, போகாமல் நின்றேன்.

"இன்னும் என்னய்யா?" என்றார் நர்சம்மா.

"எவ்வளவுங்க?"

"தையலு பிரிக்கக் கூட்டியா. அவ்வளவுதான்."

பஸ் ஸ்டாண்டு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். யாரும் பின்னால் வந்து கூப்பிடவில்லை.

பிள்ளையின் கை கொஞ்ச நாள் நீலம் பாய்ந்து வீங்கிக் கிடந்தது. விளங்குமோ விளங்காதோ என்று பயந்தோம். பிறகு என் மீசையைப் பிடித்து இழுத்ததெல்லாம் அந்தக் கைதான்.

மச்சான் இப்போது இல்லை. மிராசுதார் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். சங்கக் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. போன் போட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. பாலத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் போய்விடுகிறது. நல்லதுதான். அதற்குக் குறுக்கே படுக்க ஊரில் யாரும் இல்லை. யார் வீட்டுக்கு வந்தது என்று மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

ஐப்பசி இருபத்திரண்டு, வியாழக்கிழமை.