திருநள்ளாற்றில் ஒரு சீனத் தாயத்து

சனிக்கிழமைகளில் திருநள்ளாறு சாலையில் யாரும் வேகமாகப் போக முடியாது. முன்னால் வெளியூர் வேன்கள், நடுவில் ஆட்டோக்கள். சித்திக்கா இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் ஸ்கூட்டரை நுழைத்தார். காலையில் கைப்பேசிக்குப் பதிவாக வந்த குரல் காதைவிட்டுப் போகவில்லை.

"அம்மா, என் பேரு சொர்ணாம்பாள். குளக்கரைல எள்ளு தீபக் கடை. உங்க கதைய நானும் எங்க வீட்டுக்காரரும் விடாம கேக்குறோம். சாதிலிங்கம் வாங்கிட்டேன். மஞ்சத்தாள் எது வாங்கணும்? அவருக்கு வலது கை கால் வரல. சாயந்தரம் கரைச்சுக் கொடுத்துடலாமா?"

கொடுக்க வேண்டாம் என்று சித்திக்கா உடனே பதில் அனுப்பினார். கேட்டதாகக் குறி விழவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தக் கதை ஒரு சீன மாயக் கதை. சித்திக்கா அதைத் தமிழாக்கித் தன் குரலிலேயே வாசித்து ஒரு ஒலிக்கதைச் செயலியில் ஏற்றுகிறார். சீனம் படிக்க அவர் கல்லூரிக்குப் போகவில்லை. கணவர் ரிஃபாய் சீனாவின் குவாங்சோவில் சரக்கு வாங்கி அனுப்பும் வேலையில் இருந்தபோது, காய்கறிக் கடையிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலிலும் நின்று பேசிப் பழகியது. எதிர்வீட்டு ஆசிரியை எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கொரோனாவோடு அந்த வாழ்க்கை முடிந்தது. ரிஃபாய் துபாய் போனார். காரைக்காலுக்குத் திரும்பிய சித்திக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

கதையில் மலைமேல் ஒரு தாவோ மதத் துறவி. காகித ஆட்களை வெட்டி ஊதினால் படையாக எழும். மஞ்சள் தாளில் சிவப்பால் தாயத்து எழுதி, எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த தளபதி எழுந்து குதிரை ஏறுவார். இதெல்லாம் எழுத்தாளரின் கற்பனை மட்டுமல்ல என்று தெரிந்ததும் சித்திக்கா பழைய நூல்களைத் தேடிப் போனார். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நோயாளிகளுக்குத் தாயத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மந்திரத்தின் கடைசி வரி அந்தக் கால அரசாணையிலிருந்து எடுத்தது: 'சட்டம் சொன்னபடி, உடனே, உடனே.' பேய்க்கும் சர்க்கார் உத்தரவுதான். அந்த வரியை அவர் ரசித்து ரசித்து வாசித்தார்.

அந்தச் சிவப்புக்கு முதலில் 'சிவப்பு மை' என்றுதான் எழுதினார். சப்பென்று இருந்தது. விசாரித்ததில் அது நம் சித்த மருந்துகளில் வரும் சாதிலிங்கமே என்று தெரிந்தது. பாதரசம் கலந்த கல். சுத்தி செய்யாமல் வாயில் வைக்கக்கூடாது. சொல் கிடைத்த சந்தோஷத்தில் அதையே போட்டார். சொல் இங்கே கடையிலும் கிடைக்கும் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

குளக்கரையில் வரிசையாக எள் தீபக் கடைகள். "சொர்ணாம்பாள் அக்கா கடை எதுங்க?" என்று ஒரு கடையில் கேட்டதுமே, உள்ளே இருந்த பெண் நிமிர்ந்தார்.

"இன்னொரு தரம் பேசுங்க."

"அக்கா, நான்..."

"ஏங்க, துறவி வந்துட்டாரு பாருங்க" என்று பின்பக்கம் திரும்பிச் சொன்னார். அங்கே நாற்காலியில் அவர் கணவர் சண்முகசுந்தரம், இடக்கையால் வலக்கை விரல்களை ஒரு ரப்பர் பந்தின் மேல் மடக்கிக்கொண்டிருந்தார். "பர்தா போட்ட துறவி" என்றார், குழறலோடு.

"அக்கா, அதைக் கொடுத்துட்டீங்களா?"

"சாயந்தரம்னுதானே கேட்டேன்."

"கொடுக்காதீங்க. அது வெசம். கதைக்குத்தான் அது."

"கதைன்னு எனக்குத் தெரியாதாம்மா? பந்தைக் கசக்குங்கறான் பிசியோக்காரத் தம்பி. மாசக்கணக்கா கசக்குறாரு. நீங்க கிண்ணி, தண்ணி எல்லாம் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொன்னீங்க."

சித்திக்காவால் உட்கார முடியவில்லை. நின்றபடியே சொன்னார்: "அந்த நாட்டு ராஜாக்களே சாகாம இருக்கணும்னு இதைப் போட்டு மருந்து செஞ்சு தின்னாங்கக்கா. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல. தின்னு செத்தாங்க. புஸ்தகத்துலயே இருக்கு."

சொர்ணாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதை ஏன் கதைல சொல்லல?"

"கதை எழுதுனவரு எழுதலக்கா."

"உங்களுக்குத் தெரியும்ல?"

சண்முகசுந்தரம்தான் பேசினார். "பொட்டலத்தக் குடுத்துடு, சொர்ணம். ராஜாவுக்கே ஒத்துக்கல."

திரிக்கட்டுகளுக்கு அடியிலிருந்து பொட்டலம் வந்தது. பிரிக்காத பொட்டலம். "கொடுக்குறேன். ஆனா ராஜா செத்ததக் கதைல சொல்லணும். என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு கேக்குறாங்களோ."

பொட்டலத்தைச் சாக்கடையில் போட முடியாது, கடலிலும் முடியாது. சித்திக்கா அதில் அச்சிட்டிருந்த முகவரிக்கே போனார். காரைக்காலில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கடைக்காரர் அலுத்துக்கொண்டே திரும்ப வாங்கினார்.

"இந்த வாரம் என்னன்னு தெரியல, நாலஞ்சு பேரு இதைக் கேட்டு வந்துட்டாங்க. ஏதோ செல்போன் கதையாம்."

"வாங்கிட்டாங்களா?"

"இதை வாங்கிட்டுப் போன அம்மாவத் தவிர ரெண்டு பேரு. யாருன்னு கேக்காதீங்க, தெரியாது."

"இனிமே யாரு கேட்டாலும் கொடுக்காதீங்க, பாய்... மன்னிச்சுக்கங்க, அண்ணே." கடைக்காரர் நெற்றியில் விபூதி இருந்ததைச் சித்திக்கா அப்போதுதான் கவனித்தார்.

வீடு போய்ச் சேரப் பொறுமை இல்லை. பேருந்து நிலையச் சுவரோரம் ஸ்கூட்டரை நிறுத்திக் கைப்பேசியில் பேசத் தொடங்கினார். கதையில் ஒரு வரி கூட்டக்கூடாது, பின்னணிச் சத்தம் கூடாது என்பது செயலி நிறுவனத்தின் நிபந்தனை. நடத்துநர் நாகப்பட்டினம், நாகப்பட்டினம் என்று கத்திக்கொண்டிருக்க, செத்துப்போன அரசர்களின் கதையைச் சொன்னார். கடைசியில், "சாதிலிங்கம் வாங்கிய இரண்டு பேர் இதைக் கேட்டால் எனக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள். சட்டம் சொன்னபடி, உடனே, உடனே" என்று முடித்து, அடுத்த அத்தியாயத்தின் இடத்தில் ஏற்றிவிட்டார்.

சாயந்தரம் முதல் பதில் வந்தது. சொர்ணாம்பாள்.

"கேட்டோம். பஸ்ஸு சத்தம் ஜாஸ்தி. ராஜா சாவுற எடம் நல்லா இருந்துச்சு, கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுறேன். அவரு பந்தக் கசக்குறாரு. அந்த ரெண்டு பேரு பேசுனாங்களா?"

இரண்டு பேரில் ஒருவர் மறுநாள் பேசினார். இன்னொருவருக்காக, சோறு வடிக்கும்போதும் சித்திக்காவின் கைப்பேசி அடுப்பு மேடையிலேயே இருக்கிறது.