தகரத்தில் மூன்று, பிறகு இரண்டு

நான் பயந்த சுபாவம். ராக் பேண்டில் டிரம்ஸ் வாசிப்பவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மேடையில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பதைப் பார்த்து, இசையிலேயே கரைந்துபோகிறான் என்று ரசிகர்கள் எழுதுகிறார்கள். கூட்டத்தைப் பார்க்கப் பயந்துதான் மூடிக்கொள்கிறேன்.

நாங்கள் நாலு பேர். பாடுகிறவள் கொடைக்கானலில் பள்ளிக்கூட டீச்சர். கிட்டார்காரன் வீட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடுகிறார்கள். பேஸ் வாசிப்பவன் டாக்சி ஓட்டுகிறான். சீசன் வந்துவிட்டால் ஒத்திகைக்கு ஆள் கிடைக்கமாட்டான். எங்கள் வீடு வில்பட்டிக்கு அந்தப்பக்கம், மலைச்சரிவில். பூண்டும் கேரட்டும் போடுகிறோம். ஒத்திகை எங்கள் பூண்டுக் கொட்டகையில்தான். பிடுங்கிய பூண்டைத் தண்டோடு கட்டுக் கட்டாக மேலே தொங்கவிட்டு, கீழே புகை போட்டிருப்போம். அந்தக் கட்டுகள் எதிரொலியைத் தின்றுவிடும். இவ்வளவு வறண்ட டிரம்ஸ் ஒலியை எந்த ஸ்டுடியோவில் பிடித்தார்கள் என்று ஒரு விமர்சகர் வியந்து எழுதியிருந்தார். புகையில் பாடகி இருமிய இருமலை அவர் கேட்டிருக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒவ்வொரு தோட்டத்து முனையிலும் ஒரு பழைய எண்ணெய் டின் தொங்கும். காட்டுமாடு பாதையில் இறங்கிவிட்டால் முதலில் பார்த்தவர் அதை அடிக்க வேண்டும். மூன்று அடி, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு இரண்டு. விரட்டுவதற்காக அல்ல. ஜீப்பையே முட்டி நகர்த்துகிற மிருகம் டின்னுக்கா பயப்படப் போகிறது? பாதையில் நடப்பவர்களுக்குச் சொல்லத்தான். மாடு மிரண்டுவிடக் கூடாது என்பதால் மெதுவாக, ஒரே அளவாக அடிப்பார்கள். காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். வீடு இல்லையென்றால் தோட்டத்துக் கல்கட்டின் மேல் ஏறிவிட வேண்டும். விளையாட்டுக்கு அதை யாரும் தொடமாட்டார்கள். சின்ன வயதில் ஒருமுறை அடித்துப் பார்த்து, அதே எண்ணிக்கையில் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் கிட்டார்காரன் ஒரு மெட்டை வைத்துக்கொண்டு திண்டாடினான். பாட்டுக்குத் தொடக்கம் அமையவில்லை. கொட்டகை மூலையில் கிடந்த டின்னை எடுத்து மடியில் வைத்து மூன்று அடித்தேன். மூச்சு விட்டேன். இரண்டு அடித்தேன். தெரியாமல் கை போய்விட்டது என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். தெரிந்துதான் அடித்தேன். அந்தச் சத்தம் கேட்டால் வயிற்றுக்குள் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்கும் அது ஆகட்டும் என்று ஆசைப்பட்டேன்.

கேரட் மண் ஒட்டிய கையோடு அம்மா ஓடிவந்தாள்.

"ஏலே, அத எதுக்குடா இங்க அடிக்கிற? அது சோலிக்கு உள்ளது."

கொட்டகைக்குள்தானே அடிக்கிறேன், வெளியே கேட்காது என்றேன். கேட்டதால்தான் அவள் ஓடிவந்திருந்தாள். அது எனக்கு உறைக்கவில்லை. பதிவு செய்தபோது தாளத்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினோம். காரில் போட்டுக் கேட்பதற்கு அப்போதுதான் எடுப்பாக இருக்கும் என்று பேஸ்காரன் சொன்னான்.

பாட்டு இணையத்தில் வந்தது. ஏதோ ஒன்று பனிக்குள்ளிருந்து நம்மை நோக்கி வருவதுபோல் இருக்கிறது என்று ஒருவர் பாராட்டி எழுதினார். ஓர் எண்ணெய் டின்னை நம்பி ஓடுகிற பாட்டு, அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை என்று இன்னொருவர் எழுதினார். முதலாவதை எல்லோருக்கும் அனுப்பினேன். இரண்டாவது எனக்கு மனப்பாடம். என் அக்கா இரண்டையும் படிக்கவில்லை. அந்தப் பாட்டின் தொடக்கத்தைத் தன் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டாள். டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அவளுக்கு வேலை. அங்கே போன் அடிக்கும்போதெல்லாம், "எந்தம்பி அடிச்சது" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பாளாம்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ரசிகர்கள் பிஸ்கட் டின்னோடு வந்தார்கள். மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்த பிள்ளைகள், புல்வெளியில் உட்கார்ந்து, பாட்டு தொடங்கும் முன்பே எல்லோருமாக மூன்று, இரண்டு என்று அடித்தார்கள். நான் கண்ணை மூடியிருந்தேன். ஏறி நிற்க இங்கே கல்கட்டு இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாட்டு பிறந்த கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கே வர ஆரம்பித்தார்கள். பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, காலையில் பனிக்குள் நடந்து வந்து, தோட்டத்து டின்னை அடித்து வீடியோ எடுத்தார்கள். முதல் தடவை ஊரே வீட்டுக்குள் ஓடியது. முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கல்கட்டில் ஏறி, கீழே சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். இரண்டாவது தடவை பாதிப் பேர் ஓடினார்கள். அதற்கப்புறம் யாரும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "ஒன் ஆளுக இன்னிக்கி வெள்ளனேவே வந்துட்டாய்ங்க போல" என்று பக்கத்துத் தோட்டத்துச் சித்தி கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். அந்தப் பிள்ளைகளிடம் அடிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு மட்டும் நான் பயப்படவில்லை.

மழை விட்ட ஒரு காலை. அக்கா ஆறரை பஸ்ஸைப் பிடிக்க, டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கீழ்ப்பாதையில் இறங்கிப் போனாள். நான் அடுப்பங்கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே டின் சத்தம். மூன்று, இரண்டு. வந்துவிட்டார்கள் என்று நினைத்து, இன்னொரு மடக்கு குடித்தேன். மறுபடியும் மூன்று, இரண்டு. வாசிக்கிறவன் புத்தி, தானாகத் தாளத்தை எடைபோட்டது. இன்றைக்கு வந்தவன் பரவாயில்லை, அவசரப்படாமல் அடிக்கிறான் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது, டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். பாட்டைக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் பாட்டின் வேகத்தில்தான் அடிப்பார்கள். மெதுவாக அடிக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்தேன். பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. மேல் தோட்டத்தில் அம்மா அடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது கேட்ட திசையிலேயே தெரிந்தது. ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை, ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட முடியாது. சத்தம் போட்டால் மாடு மிரளும். போனை எடுத்து அவள் நம்பரை அழுத்தப் போனேன். அழுத்தினால் அங்கே எது அடிக்கும் என்பது ஞாபகம் வந்தது. அவள் பைக்குள்ளிருந்து, உரத்த சத்தத்தில், என் மூன்று அடி. விரலை எடுத்துவிட்டேன்.

கல்கட்டைத் தடவிக்கொண்டு இறங்கினேன். ஓடக் கூடாது என்று தெரியும். வளைவில் முதலில் மாட்டின் வெள்ளைக் கால்கள்தான் தெரிந்தன, காலுறை போட்டதுபோல. அதற்கு அந்தப்பக்கம் அக்கா. கல்கட்டோடு முதுகை ஒட்டி, பையை நெஞ்சில் அணைத்து நின்றாள். என்னைப் பார்த்தாள். வராதே என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினாள். அம்மாவின் டின் மேலே நிற்காமல் கேட்டது. ஒரு அடிகூடப் பிசகவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு தாளம் நான் வாசித்ததில்லை.

மாடு எங்களை எதிர்த்து வரவில்லை. ஓடைப் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். அந்தத் திரும்பலில் அதன் விலா அக்காவைக் கல்லோடு சேர்த்து நெரித்துவிட்டுப் போனது. மடங்கி விழுந்தவளைத் தூக்கியபோது இடது கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. பேஸ்காரனின் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"சத்தம் கேட்டுச்சுடா. நம்ம பாட்டுதானேன்னு நடந்துட்டேன்."

அம்மா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்து அடித்துத் தகர விளிம்பு கிழித்த உள்ளங்கையில் மஞ்சளை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாட்டை நாங்கள் இப்போது வாசிப்பதில்லை. மேடைக்கு முன்னால் ரசிகர்கள் டின்னைத் தட்டிக் கேட்கிறார்கள். தலைக்கனம் பிடித்துவிட்டது என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். அக்காவின் கை கூடிவிட்டது, ஆனால் தலைக்கு மேல் தூக்க வராது. கூந்தலை அம்மாதான் முடிந்துவிடுகிறாள். ஊர் கூடி டின்களையெல்லாம் இறக்கிவிட்டது. வேறொரு அடையாளம் வைத்தார்கள். அது என்னவென்று எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஆனால் மறைத்து எத்தனை நாள்? ஒரு மாலையில் கேட்டது, அக்கா சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினாள், எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே தடவைதான் கேட்டேன். அது எப்படி இருக்கும் என்று இங்கே எழுதமாட்டேன்.

போன வாரம் கொட்டகையில் ஒத்திகை. இரண்டு பாட்டுக்கு நடுவே கிட்டார்காரன் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தான், பாடகி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ யோசனையில் உட்கார்ந்திருந்தேன். கிட்டார்காரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நல்லாருக்கேடா. என்ன அது? இன்னொரு தடவ அடி."

குனிந்து பார்த்தேன். குச்சிகள் இரண்டும் என் கையில் இருந்தன; அடித்திருந்தது அந்த மாலையில் கேட்டதை. காட்டுமாட்டின் முன்னால் நின்ற காலையில்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, குச்சிகளைக் கீழே வைத்து, கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.