கூறைப்புடவைக்கு பில் வராத விஜயதசமி

தஞ்சாவூரில் ஒரு பட்டு ஜவுளிக்கடைக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தேன். இதற்கென்று நான் படித்ததில்லை; பிரித்துப் பார்த்தும் கேட்டும் பழகியதுதான். கடை மூன்று தளம். தளத்துக்கொரு சுவிட்ச், அதாவது கேபிள்கள் வந்து சேரும் பெட்டி. எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பெரிய சுவிட்சில் வந்து இணையும். பக்கத்திலேயே சரக்கும் விலையும் பதிந்த சர்வர்.

விஜயதசமி காலை முதலாளி போன் செய்தார். "நெட்டு போயிடுச்சுங்க. கீழ்வேளூர் கல்யாண வீட்டுக்காரங்க கூறைப்புடவை எடுத்துட்டு நிக்கிறாங்க. ராகு காலத்துக்கு முன்னாடி பில் போட்டாகணும்."

போய்ப் பார்த்தால், மாப்பிள்ளையின் அத்தை புடவையை மடியில் வைத்துக்கொண்டு கல்லா எதிரே உட்கார்ந்திருக்கிறார். "விலைய வாயால சொல்லுங்கன்னா, அது சர்வருக்குத்தான் தெரியுமாம். அந்த மகராசன் எப்ப வாயத் தொறப்பாரு தம்பி?"

"பில்லுக்கு வெளி நெட்டு வேண்டாங்க," என்றேன் முதலாளியிடம். "கவுன்ட்டர் கேக்கும், சர்வர் சொல்லும். போக்குவரத்து பூரா கடைக்குள்ளயேதான்."

பெரிய சுவிட்ச் சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. விளக்குகள் அத்தனையும் வெறி பிடித்தாற்போல் மின்னின. ஒரு கேபிளின் இரண்டு முனையும் அதிலேயே செருகியிருந்தன.

"நேத்து வியாபாரம் முடிஞ்சதும் ஆயுத பூஜைக்குத் தொடச்சுப் பொட்டு வெச்சேன் சார்," என்றார் சூப்பர்வைசர் அம்மா. "ஒரு முனை தொங்குச்சு. சாமி கும்புடுற எடத்துல அலங்கோலமா இருக்கேன்னு காலி ஓட்டையில சொருகிட்டேன்."

ஒரு கம்ப்யூட்டர் 'யார் இருக்கீங்க?' என்று கேட்டால், சுவிட்ச் அதை எல்லா ஓட்டைக்கும் அனுப்பும். இங்கே ஒரு முனையில் போன கேள்வி மறுமுனையில் திரும்பி வந்து, மறுபடி எல்லாப் பக்கமும் போயிருக்கிறது. உருப்படியான பேச்சுக்கு வழியே இல்லை. இதைச் சொன்னேன்.

"தேரு நிலைக்கு வராம நாலு வீதியையும் சுத்துதுங்கிறீங்க," என்றார் அத்தை.

"சுத்துக்குச் சுத்து தேரும் கூடுதுங்க."

"அப்ப வடத்த உருவுங்க."

உருவினேன். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. பார்கோடைக் காட்டியதும் பில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"நல்ல சுவிட்சா இருந்தா, இப்படிச் சுத்துறதக் கண்டுபிடிச்சு ஒரு ஓட்டைய தானே அடைச்சுடும்," என்றேன்.

"வாங்கிப் போட்டுடுங்க," என்ற முதலாளி, சூப்பர்வைசர் அம்மாவிடம் திரும்பினார். "அடுத்த வருஷம் பொட்டோட நிறுத்திக்கம்மா."

அத்தை பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் கெடக்கே. சம்பந்தியம்மாவுக்கும் ஒண்ணு பாத்துடுவோம்."

சூப்பர்வைசர் அம்மா அவருக்கு முன்னால் மாடி ஏறினார்.