தூரைக் கழுவாமல் ஒரு போட்டோ

“குலைநோய் மருந்து குடுண்ணா, சீக்கிரம். மருந்தடிக்கிற ஆளு வந்து நிக்குறான்.”

தொண்டூர் ஏழுமலை கடைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தார். செஞ்சி கடைவீதியில் ஓர் உரக்கடையில் பயிரைப் பார்த்து மருந்து சொல்வது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அன்று நடந்ததைத்தான் முதலில் சொல்வேன்.

“குலைநோய்னு யாரு சொன்னா?”

“பக்கத்து நெலத்துக்காரன்.”

அவர் காட்டிய போட்டோவில் உள்ளங்கையில் ஒரு பழுத்த இலை கிடந்தது. நோயால் பழுத்ததா, பூச்சியால் பழுத்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பால் பிடிக்கிற நெல். தப்பான மருந்து அடித்தால் அந்தப் போகமே போச்சு. அவர் மனைவி செல்வி வயலில் இருந்தார். போன் போட்டு, கிட்டத்தில் ஒரு படம் அனுப்பச் சொன்னேன்.

ஒரே கலங்கலாக வந்தது. ரொம்பக் கிட்டே போனால் போகஸ் ஆகாது. கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஜூம் பண்ணச் சொன்னேன். அடுத்தது பளிச்சென்று இருந்தது. ஆனால் செடியைப் பிடுங்கி, வரப்பில் வைத்து எடுத்திருந்தார். செடியின் அடித்தூரில் ஒரு பொட்டு மண் இல்லை!

“கழுவினியாம்மா?”

“படம் எடுக்கிறமேன்னு நல்லா அலசினேண்ணா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அலசினா பூச்சி எங்க இருக்கும்? சேத்துல எறங்கு. தூரை வெலக்கி, போனைத் தலகீழாப் புடி. கேமரா கீழ வரணும். தண்ணிக்கு மேலயே எடு.”

காத்திருந்தோம். ஏழுமலை படி இறங்கினார், ஏறினார். “குடுத்துடேண்ணா, டென்ஷனாவுது.” முதலாளி வேறு, “கேக்கறதக் குடுத்து அனுப்புப்பா” என்றார். என்னாலும் உட்கார முடியவில்லை.

போட்டோ வந்தது. தூர் முழுக்கப் பழுப்பாக அப்பியிருந்தது புகையான் பூச்சி. குலைநோய் மருந்தால் அது ஒன்றுகூடச் சாகாது. வயல் தண்ணீரை வடித்தால்தான் புகையான் அடங்கும். அதைச் சொல்லலாம் என்று செல்வியைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் சுவிட்ச் ஆஃப்.

ஏழுமலை வண்டிச் சாவியை எடுத்தார். “சேத்துல பாம்பு கீம்பு...”

புகையான் மருந்தை எடுத்துக்கொண்டு இருவரும் வண்டியில் பறந்தோம். அந்தப் பெண்ணைச் சேற்றில் இறக்கிவிட்டவன் நான்தானே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

செல்வி மடையை வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“போன் எங்கடி?” ஏழுமலை வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

“படம் அனுப்பினதும் தண்ணியில வுழுந்துடுச்சு. அதான் புகையான்னு கண்ணால பாத்துட்டனே, இன்னும் போனு எதுக்கு?”

ஏழுமலை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பயிர் பிழைத்தது. இப்போது கடைக்கு யார் வந்து போட்டோவை நீட்டினாலும் முதலில் அவர் காலைப் பார்க்கிறேன். சேறு இருந்தால்தான் போனை வாங்குவேன்.